வன்னியில் வாசிப்பு வகுப்பு: வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கிவிட்டுப் போக விரும்புகிறவர்கள் நிறையப் பேர். மனம் இருக்கும், ஆயத்தம் இருக்காது. ஆறு கிழமை ஒழுங்காக நடத்தினால் எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை சொல் வாசிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் விமானம் ஏறிய மறுகிழமை வகுப்பு நின்றால், அடுத்த தவணைக்குள் அதில் பாதி மறந்துபோகும். ஆகவே முதல் நாளிலிருந்தே மனதில் வைக்கவேண்டிய கேள்வி: நான் போன பிறகு இதை ஆர் நடத்துவினம்?

வர முன்னர்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கும். தரம் 3 தமிழ்ப் புத்தகத்தை இறக்கி, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். தடக்குப்படாமல் வாசித்தால் வகுப்பு எடுக்கலாம். தடக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் எழுத்து வகுப்பு உங்களுக்கு உரியதல்ல. அட்டை வெட்டுவது, புத்தகம் அச்சிடுவது, பதிவேடு பார்ப்பது, தரம் 8க்கு மேற்பட்டவர்களோடு ஆங்கிலம் பேசிப் பழகுவது என்று வேலை இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கில எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற வீண்வேலை. பெற்றோரே கேட்பார்கள், "இங்கிலீசு சொல்லிக் குடுங்கோ" என்று. முதலில் தமிழ் வாசிக்கட்டும், பிறகு அது சுகமாக வரும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது விசா. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்ய அனுமதியில்லை. "சும்மா உதவிதானே" என்று நினைத்து வந்துவிடாதீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, எத்தனை நாள் என்று இலங்கைத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். பதிவுபெற்ற உள்ளூர் அமைப்பொன்று அழைப்புக் கடிதம் தந்தால் வேலை இலகு.

பொலிஸ் சான்றிதழும் வேண்டும், கேட்காவிட்டாலும் கொண்டுவாருங்கள். கனடாவில் சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்கென்று தனியான பொலிஸ் சோதனை உண்டு. பிரித்தானியாவில் வெளிநாட்டில் சிறுவர்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கென்றே சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் கிழமைக்கணக்கில் எடுக்கலாம். பயணச்சீட்டுப் போடும்போதே விண்ணப்பத்தையும் போடுங்கள்.

காலம் பார்த்து வாருங்கள். புலம்பெயர்ந்தவர்கள் அனேகமாக ஓகஸ்டில் வருகிறார்கள். வழக்கமாக அது பாடசாலை விடுமுறை. பிள்ளை வீட்டில்தான் நிற்கும், ஆனால் சிறுபோக அறுவடை, மடு ஓகஸ்ட் திருநாள், நல்லூர்த் திருவிழா என்று வரவு சிதறும். கார்த்திகை, மார்கழியில் மழை. ஒழுங்கை எல்லாம் வெள்ளம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையை முல்லைத்தீவுப் பக்கம் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மாசி தொடக்கம் பங்குனி நடுவரை, பிறகு வைகாசிப் பொங்கல் முடிந்து ஆடி வரை: இவைதான் தொடர்ச்சியாகப் பிள்ளைகள் கிடைக்கிற காலங்கள். இரண்டு கிழமைதான் லீவு என்றால் வகுப்பு எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளைச் சோதிப்பது, உள்ளூர் ஆளைப் பழக்குவது, அட்டைகள் செய்வது என்ற மூன்றை மட்டும் செய்யுங்கள். அதுவே பெரிய உதவி.

யாரிடம் போவது

நேரே பாடசாலைக் கேற்றைத் தட்டாதீர்கள். அதிபர் மரியாதைக்கு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார், ஆனால் மேலிடத்து அனுமதி இல்லாமல் அவரால் பிள்ளைகளை உங்களிடம் விட முடியாது. வழி இப்படி: வலயக் கல்விப் பணிப்பாளருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம், பிரதி கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு. வன்னியில் முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, மடு என்று பல வலயங்கள். ஊர் எந்த வலயத்தில் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர், தொழில், எந்தத் தரப் பிள்ளைகள், எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்பவை இருக்கவேண்டும். உங்கள் கொடைமனம் பற்றிய பந்தி தேவையில்லை. ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். எந்தப் பாடசாலையில் வாசிக்காத பிள்ளைகள் கூட என்பது அவருக்கு விரல்நுனியில் இருக்கும்.

பட்டணத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ஏற்கெனவே பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஒட்டுசுட்டான், துணுக்காய், கண்டாவளை, பூநகரி, நெடுங்கேணிப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் சின்னப் பாடசாலைகளைக் கேளுங்கள். இரண்டு மூன்று தரங்களை ஒரே ஆசிரியர் ஒரே மண்டபத்தில் வைத்திருப்பார். அங்கே ஒரு ஆள் கூடுதலாக நிற்பது பெரிய வித்தியாசம்.

தரம் 3, 4 பிள்ளைகளை எடுங்கள். தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சைச் சூடு. அந்த வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை பின்வாங்கில் அமைதியாக இருக்கும், ஆனால் பரீட்சை முடியும்வரை ஆசிரியரும் பெற்றோரும் அதை உங்களிடம் விட விரும்பமாட்டார்கள். பரீட்சைக்குப் பிறகு கேட்டால் சந்தோசமாக அனுப்புவார்கள்.

இடமும் நேரமும்

பாடசாலை ஒன்றரைக்கு விடும். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, உடுப்பு மாற்றி வர மூன்றாகும். மூன்றரையிலிருந்து நாலே முக்கால் வரை வகுப்பு வைத்தால் ஐந்து மணிக்குள் எல்லாரும் வீட்டில். காட்டோரக் கிராமங்களில் பொழுதுபடும் நேரத்தில் யானை றோட்டுக்கு வரும், அதனால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கிழமையில் நாலு நாள் போதும். ரியூசன் நாள்களைக் கேட்டு ஒதுக்குங்கள். ஞாயிறு காலை அறநெறியும் மறைக்கல்வியும் இருக்கும்.

இடத்துக்குப் பொதுநோக்கு மண்டபம் அல்லது சனசமூக நிலையம் நல்லது. கோயில் மண்டபமும் சேர்ச் மண்டபமும் சுகமாகக் கிடைக்கும், ஆனால் மற்றச் சமயப் பிள்ளைகள் வரத் தயங்கும். கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் திறப்பைக் கேளுங்கள். பாய் நாலு, ஒரு வெண்பலகை, குடிதண்ணீர், மலசலகூடம். இந்த நாலும் இல்லாத இடத்தை எடுக்காதீர்கள். பெண்பிள்ளைகள் நின்றுபோவதற்கு மலசலகூடம் இல்லாததும் ஒரு காரணம்.

மூன்றரைக்கு வரும் பிள்ளை மத்தியானம் சரியாகச் சாப்பிட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவித்த கடலை, கௌபி, வாழைப்பழம் ஏதாவது ஒன்றைத் தாய்மாரே முறைவைத்துச் செய்துதர ஒழுங்குபண்ணிச் செலவைக் கொடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு கொடுத்தால் கடைசி அரைமணி முழுக்க எல்லாருடைய கண்ணும் சட்டியில்தான். தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள்: சோதனை

தரத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், வாசிக்கும் மட்டத்தைப் பார்த்துப் பிரியுங்கள். இந்தியாவில் 2005 முதல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏற்பாட்டில் உள்ளூர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வைக்கும் வாசிப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. அதன் முறையை இங்கே அப்படியே எடுக்கலாம். ஒரு தாளில் நாலு கட்டம்: எழுத்துகள் பத்து, சொற்கள் பத்து, நாலு வசனப் பந்தி, எட்டுப் பத்து வசனக் கதை. எழுத்தின் அளவு பெரிதாக, 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பந்தி இப்படி இருந்தால் போதும்: "குளத்தில் தண்ணீர் நிறைந்தது. கொக்குகள் பறந்து வந்தன. மாலாவும் தம்பியும் பார்க்கப் போனார்கள். தம்பி கை தட்டினான்." பிள்ளையைத் தனியே, மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில் இருத்தி, பந்தியில் தொடங்குங்கள். மூன்று பிழைக்கு மேற்படாமல் வசனமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். முடியாவிட்டால் சொற்களுக்கு இறங்குங்கள். விரும்பிய ஐந்து சொல்லில் நாலு சரியென்றால் அது சொல் மட்டம். அதுவும் இல்லையென்றால் எழுத்து, அங்கும் ஐந்தில் நாலு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் காணும்.

எழுத்துகளை வரிசையாக வைத்துவிடாதீர்கள். "க கா கி கீ" என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளை, தனியே ஒரு "கீ"யைக் காட்டினால் முழிக்கும். ட, ம, ன, ற, க, பா, கி, து, மே, சொ என்று கலந்து வையுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கையும் கொண்டுவராதீர்கள். "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" தமிழில் ஒரே சொல்.

சோதிக்கும்போது கண்ணையும் கவனியுங்கள். தாளை மூக்கடிக்குக் கொண்டுபோகிற பிள்ளை, பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிற பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியருக்கும் வீட்டுக்கும் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கண் கிளினிக்குக்கு அனுப்ப வழிசெய்யுங்கள். கண்ணாடி போட்டதும் "மக்குப் பிள்ளை" வாசிப்பது ஒன்றும் அதிசயமில்லை.

எழுத்து மட்டத்துக்கு

ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு வட்டம். 247 எழுத்தையும் அட்டவணையாகச் சுவரில் தொங்கவிட்டால் பிள்ளை பயந்துபோகும். ட, ப, ம என்ற மூன்றும் புள்ளியும் போதும் தொடங்க: படம், மடம், பட்டம், மட்டம். முதல் நாளே பிள்ளை முழுச்சொல் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. மறுநாள் அரவு என்னும் "ா" குறியைச் சேருங்கள்: பாடம், மாமா, பாப்பா. பிறகு இகர விசிறி (ி): படி, மடி, பிடி, மாடி, மாமி, பாட்டி, பட்டி. வன்னிப் பிள்ளைக்குப் பட்டி என்றால் மாடு நிற்கும் இடம். கேட்டால் யாருடைய பட்டி எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்லும், சொல்லவிடுங்கள். அடுத்து க, த, ர, ல: மரம், கடல், பால், கரடி என்று கதவு திறந்துவிடும்.

உகரத்தில்தான் வகுப்புகள் சறுக்குகின்றன. மற்ற உயிர்க்குறிகள் பெரும்பாலும் ஒரே உருவில் நிற்க, உகரமும் ஊகாரமும் மெய்க்கு ஏற்ப மாறும்; உகரம் மூன்று விதமாகத் திரும்பும். ஆகவே அகரவரிசையை விட்டு உருவப்படி சேர்த்துக் கொடுங்கள்: சு, பு, யு, வு ஒரு நாள், து, நு, லு, று, னு, ணு ஒரு நாள், கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு நாள். இதற்கு ஒரு கிழமை போனாலும் பரவாயில்லை. அவசரப்பட்டால் நாலு கிழமை கழித்தும் "மு"வை "ழு" என்று வாசித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது சிக்கல் கொம்பு (ெ, ே). "பெ" என்பதில் குறி முன்னுக்கு நிற்கிறது, சத்தமோ பின்னுக்கு வருகிறது. "பொ" வந்தால் பிள்ளை கொம்பையும் அரவையும் பிரித்து "பெர" என்று வாசிக்கும். ஏனென்றால் பல எழுத்துருக்களில் அரவும் "ர"வும் ஒன்றுபோலவே இருக்கும். அச்சிடும்போது "ர"வுக்குக் கீழே சாய்ந்த கால் தெளிவாகத் தெரியும் எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். கையால் எழுதினாலும் அப்படியே. கொம்பை மெய்யெழுத்தோடு ஒரே அட்டையில் எழுதி, மூன்று துண்டையும் சேர்த்து ஒரு சத்தம் என்று விரலால் வட்டம்போட்டுக் காட்டுங்கள். ல, ள, ழவையும் ன, ணவையும் ஒன்றாகக் கற்பித்துக் குழப்பாதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது.

அட்டைக்கு பிறிஸ்ரல் போட் போதும். ஒரு தாளை உள்ளங்கை அளவில் வெட்டினால் ஒரு வட்டத்துக்குக் காணும். தடித்த கறுப்பு மாக்கரால், அட்டைக்கு ஒரு எழுத்து. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு செற். இறப்பர் வளையம்போட்டு, பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள். மாரிக்கு லமினேற் பண்ணாத அட்டை சுருண்டுவிடும்.

சொல், பந்தி மட்டத்துக்கு

ஒரு மணித்தியாலம் இப்படிப் போகட்டும். முதல் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாசிக்கிறீர்கள். விரல் எழுத்தின் கீழே ஓடவேண்டும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அதே பக்கம். அடுத்த அரைமணி சோடி சோடியாக, ஒருவர் வாசிக்க மற்றவர் விரலால் பின்தொடர. மிச்சத்தில் ஐந்து சொல் சொல்வதெழுதுதல், கதையைப் பற்றிப் பேச்சு. எழுதாமல் வாசிப்பு நிலைக்காது, ஆனால் கொப்பி நிறைய எழுதவைத்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

வரிசையாக ஒவ்வொருவராய் எழுந்து வாசிக்கும் பழைய முறை வேண்டாம். கடைசிப் பிள்ளைக்கு வரும்போது பந்தி பாடமாகிவிடும். கண் கூரையில், வாய் சரளமாக ஓடும். சந்தேகமாயிருந்தால் கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு சிக்கிய எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். பக்கத்துப் பிள்ளை விடையைக் கத்துவதை முதல் நாளே நிறுத்தவேண்டும்; இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாருக்கும் வாசிக்கும். "போனார்கள்" என்று இருக்க "போச்சினம்" என்று வாசித்தால் சிரிக்காதீர்கள். பொருள் விளங்கித்தான் வாசிக்கிறது. எழுத்தைக் காட்டித் திரும்ப வாசிக்கவைத்தால் போதும்.

புத்தகம்

முப்பது கிலோ ஆங்கிலப் படப்புத்தகத்தைச் சுமந்துவரும் காசில் இங்கே தமிழ்ப் புத்தகங்கள் ஒரு பெட்டி வாங்கலாம். ஸ்ரோறிவீவர் (StoryWeaver) இணையத்தளத்தில் நாலு மட்டங்களில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தோடு இருக்கின்றன; அச்சிடலாம், சொல்லையும் மாற்றலாம். பல கதைகள் தமிழ்நாட்டு வழக்கில் இருக்கும். எழுத்துக்கூட்டி "டீச்சர்" என்று வாசிக்கும் பிள்ளைக்கு அது தன் "ரீச்சர்" என்று உடனே விளங்காது. தொடக்க மட்டக் கதைகளில் இப்படியான சொற்களை மாற்றிவிட்டு அச்சிடுங்கள். பழைய ஈழத்துச் சிறுவர் நூல்களை நூலகம் எண்ணிம நூலகத்தில் பார்க்கலாம், ஆனால் படி எடுக்க முன் உரிமையைப் பாருங்கள். நூலகங்களில் கிடக்கும் பழைய பதிப்புகளில் ணை, லை, னை, றா, னா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். புதிதாய் வாசிப்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

புத்தகம் வீட்டுக்குப் போகவேண்டும். பூட்டிய அலுமாரியில் அழகாக இருக்கிற புத்தகத்தால் ஒருவருக்கும் பயனில்லை. ஒரு சொப்பிங் பையில் போட்டு, கொப்பியில் எழுதிக் கொடுங்கள். சில தொலையும், சிலவற்றை ஆடு தின்னும், அதைக் கணக்கில் வைத்தே வாங்குங்கள். மிச்சத்தை ரங்குப்பெட்டியில், செங்கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான் ஒரு மாரியில் முடித்துவிடும். வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மாவிடம், "பேத்தி வாசிக்கேக்கை பக்கத்திலை இருந்து கேளுங்கோ அம்மா, அது போதும்" என்று சொல்லுங்கள். கையெழுத்து எல்லாம் கேட்காதீர்கள்.

தரம் 6க்கு மேல் வாசிக்காதவர்கள்

இவர்களைச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினால் மறுநாள் வரமாட்டார்கள். தனி நேரம், தனி இடம். பாப்பாக் கதையையும் கொடுக்காதீர்கள். பஸ் பலகை, கிரிக்கெட் ஸ்கோர், லான்ட்மாஸ்ரர் (கை உழவு இயந்திரம்) பாகங்களின் பெயர், வலை, படகுச் சாமான்களின் விலைப்பட்டியல் என்று பெரிய ஆட்கள் வாசிப்பதை எடுங்கள். அட்டைகளும் உகரக் கூட்டமும் இவர்களுக்கும் அதேதான், சொற்கள் மட்டும் வேறு.

கவனமாக இருக்கவேண்டியவை

இப்போது ஆரம்ப வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். போர் அவர்களுடைய நினைவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. "அப்பா எங்கை?" என்று கேட்காதீர்கள். "என் அப்பா" என்று எழுதச் சொல்லாதீர்கள். "எங்கள் வீடு" என்று சொன்னால் எல்லாருக்கும் எழுத ஒன்று இருக்கும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுடைய பேச்சைத் திருத்துவது உங்கள் வேலையல்ல.

எந்த நேரமும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வகுப்பில் இருக்கவேண்டும். தனியே ஒரு பிள்ளையை எங்கும் கூட்டிப்போகாதீர்கள், முகம் தெரியும் படத்தை முகநூலில் போடாதீர்கள். பிள்ளைக்கு வீட்டில் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் நீங்களே விசாரிக்கப் போகாமல் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது 1929க்கு எடுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கையான சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள காணிக்குள் பந்து போனாலும் எடுக்கப் போகக்கூடாது.

கையளிப்பு

வகுப்பை நடத்தப்போகும் ஆளை முதல் கிழமையிலேயே கண்டுபிடியுங்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் நிற்கும் அக்காமார் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். முதல் இரண்டு கிழமை அவர் பார்க்கட்டும், அடுத்த இரண்டு கிழமை பாதி வகுப்பு அவருடையது, அதன்பின் நீங்கள் பின்னுக்குப் பாயில் இருந்து பாருங்கள். இருவரை எடுத்தால் ஒருவர் கலியாணம் முடித்துப் போனாலும் வகுப்பு ஓடும். கொடுப்பனவைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியே கொடுங்கள். உள்ளூர் முன்பள்ளி ஆசிரியர் வாங்குவதைவிடக் கூட்டிக் கொடுத்தால் அவரே முன்பள்ளியை விட்டுவிட்டு உங்களிடம் வருவார், ஊர் இரண்டு பக்கமும் இழக்கும்.

திரும்பிப்போன பிறகு கிழமைக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் அந்த அக்காவோடு பேசுங்கள். பிள்ளைகளோடு சூம் வகுப்பு வைக்கிறேன் என்று அவருடைய டேற்றாவைத் தீர்க்காதீர்கள். இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் லண்டனில் கோடையில் மதியம் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை ஏழரை. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணி முந்தும். பேச்சுக்கு மூன்று கேள்வி போதும்: எத்தனை பேர் வந்தவை, ஆர் மட்டம் ஏறினவை, ஆர் வராமல் விட்டவை. மூன்றாவதுக்குப் பெயர் கேளுங்கள், தொகை வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே நாலு கட்டத் தாளால், வேறு பந்தியும் கதையும் போட்டு, திரும்பச் சோதித்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாக்கர், பிறிஸ்ரல் போட், கடலைக் காசு மூன்றும் அடுத்த தவணைக்கு இருக்கிறதா என்று தவணை முடிய ஒரு கிழமை முன்பே கேட்டுவிடுங்கள். தீர்ந்துபோன பிறகு கேட்க அவர் கூச்சப்படுவார்.